காலில் ஊதாப் புள்ளிகளா? அலர்ஜி என்று விட்டுவிடாதீர்கள்

கணுக்காலைச் சுற்றித் திடீரென்று சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். விரலால் தடவினால் லேசாக மேடு தட்டுகிறது. பலரும் உடனே அரிப்புக் களிம்பைத் தேடுகிறார்கள். முதல் தவறே அதுதான். புள்ளியின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுத்துப்போகும். தோலிலுள்ள சிறு ரத்தக்குழாய் அழற்சியால் (வாஸ்குலைட்டிஸ்) பழுதாகி ரத்தம் வெளியே கசிந்திருந்தால், நிறம் அப்படியே நிற்கும். இப்படி மறையாத புள்ளிகளோடு காய்ச்சலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ரத்தத்தில் பரவும் கடுமையான கிருமித்தொற்றும் இதே போலத் தொடங்கும்.

அடுத்து பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இதில் நடக்கும் தாமதம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தோன்றி 24 முதல் 48 மணி நேரம் ஆன புள்ளியில்தான் அழற்சி தெளிவாகத் தெரியும். ரத்தக்குழாயில் படிந்த எதிர்ப்புரதங்களை ஒளிரும் சாயத்தால் காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் சோதனைக்கு அதைவிடப் புதிய புள்ளி நல்லது. ஒரு வாரம் களிம்பு தடவிவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் நடுவிலிருந்து சதை எடுத்தால் விடை கிடைப்பது கடினம். புதிதாக வந்த புள்ளி எது என்று பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

தோலில்தானே நோய், சிறுநீர்ச் சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இதே அழற்சி சிறுநீரகத்தையும் தாக்கலாம், அதுவும் வலியே இல்லாமல். சிறுநீரில் ரத்தமோ புரதமோ போகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் ரத்தக்குழாயில் படிவதால் குழந்தைகளுக்கு வரும் வகையில் புள்ளிகள் மறைந்த பிறகும் சில மாதங்கள் இந்தச் சோதனையைத் தொடர வேண்டும்.

சமீபத்தில் புதிதாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், வலி மாத்திரை எதையும் சொல்ல மறக்காதீர்கள். அவையே காரணமாக இருக்கலாம்.

சரி, சிகிச்சை? தோலோடு நிற்கும் அழற்சி பல நேரம் ஓய்வு எடுத்து, காலை உயர்த்தி வைத்தாலே சில வாரங்களில் அடங்கிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். மருத்துவர் கொடுத்திருந்தால், புள்ளி மறைந்ததே என்று திடீரென நிறுத்தவும் வேண்டாம். இந்த அழற்சிக்குத் தரும் டாப்சோன் என்ற மாத்திரையை எழுதினால், அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தச் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். அப்புறம், புள்ளி இருந்த இடத்தில் பழுப்புக் கறை கொஞ்ச காலம் நிற்கும். அதை அழிக்கக் களிம்பு தேட வேண்டாம், மெல்ல மங்கிவிடும்.