நைட்ரேட்டை இறக்கப் பாசி வளர்க்கலாம்
பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டியில் நைட்ரேட் (மீன் கழிவிலிருந்து சேரும் சத்து) இறங்கவே மாட்டேன் என்கிறதா? சம்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில், ஒரு கைப்பிடி கீட்டோமார்ஃபா பாசி போடுங்கள், பச்சை நைலோன் நூல் சிக்கின மாதிரி இருக்கும். வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிப்போட ஆசை வரும். வேண்டாம், கூடவே என்னென்ன வருமோ. பாசிப் பந்து மெதுவாக உருளும் அளவுக்குத் தண்ணீர் ஓட்டம் தேவை, இல்லாவிட்டால் வெளிச்சம் படாமல் நடுப்பகுதி அழுகி, உறிஞ்சியதை எல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கான லைட்டை இரவில் போடுங்கள்: பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இரவில் அதிகம் இறங்காது, கொழும்பு வெக்கையில் பகல் சூட்டோடு இன்னொரு சூடும் சேராது. இடம் நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறியுங்கள், சத்து உண்மையில் வெளியேறுவது அப்போதுதான். கோலெர்ப்பா என்ற இன்னொரு பாசி அழகுதான், ஆனால் திடீரென வெளுத்துக் கரைந்தால் எல்லாம் வீண். நான் சேர்க்க மாட்டேன். நைட்ரேட் பூச்சியத்துக்கு வந்தால் லைட் நேரத்தைக் குறைத்துவிடுங்கள், பவளத்துக்கும் கொஞ்சம் சத்து வேண்டுமே.