மலையில் ஓடினால் வீசிங்: எங்கே தவறு நடக்கிறது?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒருவருக்கு மூச்சு வாங்கினால், "மலை ஊர், அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சு முடிந்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்தவருக்கு நாலு படி ஏறினாலே இரைக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரைப்பு, நின்றதும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா இதற்கு நேர்மாறு. ஓடும்போதே தொடங்கலாம் என்றாலும், பெரும்பாலும் ஓடி நின்ற 5 முதல் 10 நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும். நெஞ்சு இறுகும், வறட்டு இருமல் விடாது, மூச்சில் விசில் சத்தம் கேட்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். அதுதான் ஏமாற்றுகிறது. பந்தயம் முடிந்து மைதான ஓரத்தில் இருமிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சளி என்று கசாயம் கொடுப்போம். மாலைக்குள் சரியானதும் கசாயம் வேலை செய்தது என்று நம்பிவிடுவோம்.

மூக்கு வழியாகப் போகும் காற்று சூடாகி, ஈரமாகித்தான் நுரையீரலுக்குள் இறங்கும். ஓடும்போது வாயைத் திறந்து வேகமாக மூச்சு விடுகிறோம். குளிர்ந்த, வறண்ட காற்று நேராக உள்ளே போய் மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளிவிட, குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. ஜனவரி மாதம், ஊட்டி அருகே தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் அதிகாலையில் ஓடக் கிளம்புவது இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்குத் தேவையில்லாத வேலை. வெயில் ஏறட்டும், ஒன்பது மணிக்குப் போனால் என்ன?

மஃப்ளர் கட்டும் விதத்தையும் பாருங்கள். காதையும் தலையையும் இறுக்கிச் சுற்றிவிட்டு மூக்கையும் வாயையும் அப்படியே விட்டுவிடுகிறோம். ஆஸ்துமாவுக்கு மூட வேண்டிய இடம் அதுதான். துணிக்குள் வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் அடுத்த மூச்சோடு திரும்ப உள்ளே போகும்.

எடுத்த எடுப்பில் வேகம் பிடிப்பது இன்னொரு தவறு. மலையில் வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றம் என்பதால் இது நம்மை அறியாமலே நடக்கும். முதல் 10, 15 நிமிடம் சமதளத்தில் நடந்து, இடையிடையே கொஞ்சம் வேகம் கூட்டி உடம்பைத் தயார் செய்தால், பலருக்கு அதன்பின் சிறிது நேரத்துக்கு மூச்சுக்குழாய் அவ்வளவாக இறுகுவதில்லை. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு ஏரியைச் சுற்றிய சாலை இதற்கு வசதி.

இனி இன்ஹேலர். "பழகிவிட்டால் விட முடியாது" என்ற பயத்தில் அதைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் இன்ஹேலரை டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால், மூச்சு முட்டிய பிறகு தேடுவதைவிட, பயிற்சிக்கு 10, 15 நிமிடம் முன்பே எடுப்பதுதான் முறை. நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குடுவை) பொருத்தி, மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்கி வைக்க வேண்டும். இரவெல்லாம் ஜன்னல் ஓரத்திலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ கிடந்து சில்லிட்டுப் போன இன்ஹேலர் மருந்தைச் சரியாகப் பீய்ச்சாது; உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, தினமும் சால்பியூட்டமாலை மட்டுமே அடித்துக்கொண்டு ஓடலாமா? கூடாது. தினசரிப் பயன்பாட்டில் அதன் பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும். குழாயின் உள்வீக்கமும் அப்படியே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019-லிருந்து உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலான 'ஜினா' பரிந்துரைப்பதில்லை. அந்த வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் தேவைப்படலாம். ஸ்டீராய்டா என்று பயப்படாதீர்கள்; அது மூச்சில் இழுக்கும் மருந்து, மாத்திரையைவிட அளவு மிகக் குறைவு. எடுத்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டால் போதும். இரவிலும் இருமல் வந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தேய்த்துவிட்டு ஓடுபவர்களும் உண்டு. மூக்கு திறந்ததுபோல இருக்கும், அவ்வளவுதான். இறுகிய குழாயை அது தளர்த்தாது. அந்த நெடியே சிலருக்கு வீசிங்கைக் கிளப்பிவிடும். ஊர்ப் பெருமை வேறு, மருந்து வேறு. ஓடிவிட்டு வந்து, அடைத்த அறையில் கரிக் கணப்பு முன் உட்கார்ந்து குளிர்காய்வதும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது, "உனக்கு வீசிங், நீ உட்கார்" என்று பி.டி. பீரியடில் பிள்ளையை ஒதுக்கிவைப்பது. ஆஸ்துமா உள்ள பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பாலா ராட்கிளிஃப் 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி அப்போதைய உலக சாதனை படைத்தார். பிள்ளைக்கு வேண்டியது சிகிச்சையும், பையில் ஒரு இன்ஹேலரும்.

மூச்சு முட்டும்போது படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலர் எடுத்தும் தணியவில்லை, முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108. கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும், சோலைக்காட்டுப் பாதைகளில் சிக்னலே இருக்காது. அங்கே தனியாக ஓடாமல், கூட வருபவரிடம் இன்ஹேலர் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.