ரீயூனியனில் வாடகை குறைந்த ஊரைத் தேடும் முறை

புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் பகுதியாக உள்ள ரீயூனியன் தீவில் குடியேற எண்ணுவோர், வெண்மணலும் பவளப் பாறைகளும் நிறைந்த மேற்குக் கரையின் சேன் ழில் பக்கம் முதலில் வீடு தேட வேண்டாம். சுற்றுலாவால் அங்கே வாடகை உயர்ந்தே இருக்கும். தமிழ் வம்சாவளியினர் மிகுந்த, கரும்புத் தோட்டங்களும் கோயில்களும் சூழ்ந்த கிழக்குக் கரையின் சேன் ஆந்த்ரே, சேன் பெனுவா ஊர்களைப் பாருங்கள். அங்கு மழை மிக அதிகம் என்பதால், அவ்வூர்களின் மழைக்காலமான சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்களில் நேரில் சென்று, அலமாரிக்குப் பின்னுள்ள சுவரைக் கையால் தடவி ஈரம் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், குழந்தைகளின் மூச்சுக்கு அது ஆகாது. தலைநகரான சேன் தெனியில் வேலை என்றால், காலை நெரிசலில் ஒருமுறை பேருந்தில் போய்ப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.