மாட்யூல் போட்ட ஜாவா ஆப்பில் அனோட்டேஷன் காணவில்லையா? இப்படித் தேடுங்கள்

ஒரு கிளாஸ் கிடைக்கவில்லை என்றால் ஜாவா உடனே எரர் அடித்து நின்றுவிடும் என்றே பழகிவிட்டோம். அனோட்டேஷன் (கோடில் @ போட்டு ஒட்டும் குறிப்பு) விஷயத்தில் அப்படி இல்லை. அனோட்டேஷனுடைய கிளாஸ் ரன்டைமில், அதாவது ஆப் ஓடும்போது, கிடைக்காவிட்டால் ஜேவிஎம் (ஜாவா கோடை ஓட்டும் இன்ஜின்) அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், லாகில் ஒரு வரிகூட வராது, ஒட்டிய அனோட்டேஷன்களைத் தரும் கெட்அனோட்டேஷன்ஸ் மெத்தடைக் கேட்டால் அது மட்டும் இருக்காது.

ஒரு ஸ்பிரிங் 6 (ஜாவா ஃபிரேம்வொர்க்) புராஜெக்டில் இதில் எனக்கு அரை நாள் போனது. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் (ஆப்ஜெக்ட் தயாரானதும் இந்த மெத்தடை ஓட்டு என்று சொல்லும் அனோட்டேஷன்) போட்ட மெத்தட் கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் பழைய வழி) ஒழுங்காக ஓடியது, அதே ஜாரை மாட்யூல்பாத்தில் (மாட்யூல்களாகத் தேடும் புது வழி) வைத்தால் ஓடவில்லை, அந்த மெத்தட் நிரப்ப வேண்டிய கேஷ் காலியாகவே கிடந்தது.

முதலில் கிளாஸ் ஃபைலைப் பாருங்கள். ஜாவாபி கட்டளையை வெர்போஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் 'ரன்டைம்விசிபிள்அனோட்டேஷன்ஸ்' என்று ஒரு பகுதி வரும், உங்கள் அனோட்டேஷன் அங்கே இருக்க வேண்டும். 'இன்விசிபிள்' என்ற பகுதியில் இருந்தால் கோளாறு ரிட்டென்ஷனில்தான் (அனோட்டேஷன் எதுவரை நிலைக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதும் குறிப்பு). அதை எழுதாமல் விட்டால் ஜாவா 'கிளாஸ்' என்று வைத்துக்கொள்ளும், ஓடும்போது கிளாஸைப் படித்துப் பார்க்கும் ரிஃப்ளெக்‌ஷனுக்கு அது தெரியாது. 'ரன்டைம்' என்று மாற்றி மறுபடி கம்பைல் செய்தால் சரி.

விசிபிள் பகுதியில் இருந்தும் வேலை செய்யவில்லையா? அப்போது மாட்யூல்-இன்ஃபோவை (உங்கள் மாட்யூலுக்கு எந்தெந்த மாட்யூல்கள் வேண்டும் என்று எழுதும் ஃபைல்) திறந்து 'ரெக்வயர்ஸ் ஸ்டேட்டிக்' இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஆள் அங்கேதான் ஒளிந்திருப்பார். கம்பைல் நேரத்துக்கு மட்டும் அந்த மாட்யூல் போதும் என்று அதற்கு அர்த்தம், வேறு யாரும் கேட்காவிட்டால் ரன்டைமில் ஏறாது. எங்கள் கதையும் அதுதான், போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் இருக்கும் ஜகார்த்தா அனோட்டேஷன் மாட்யூலை யாரோ ஸ்டேட்டிக் என்று எழுதி வைத்திருந்தார்கள். 'ஷோ-மாட்யூல்-ரெசல்யூஷன்' ஆப்ஷனோடு ஆப்பை ஓட்டினால் ஏறிய மாட்யூல்கள் எல்லாம் வரிசையாக வரும், அதில் அந்தப் பெயரே இல்லை. ஸ்டேட்டிக் என்ற ஒரு வார்த்தையை எடுத்தோம், கேஷ் நிரம்பியது. மாட்யூல்-இன்ஃபோவில் கை வைக்க முடியாதென்றால் 'ஆட்-மாட்யூல்ஸ்' ஆப்ஷனில் பெயரைக் கொடுங்கள். ஜேலிங்க் இமேஜ் (தேவையான மாட்யூல்களை மட்டும் சேர்த்துக் கட்டும் ஜாவா ரன்டைம்) கட்டுகிறவர்கள் கட்டும்போதே கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த மாட்யூல் இமேஜுக்குள்ளேயே வராது.

பழைய ஜாரை ஜாவா 8-இலிருந்து 11-க்கு அப்படியே தூக்கி வைத்தீர்கள் என்றால் அது தனிக் கதை. ஜாவாஎக்ஸ் (ஜகார்த்தாவுக்கு முந்தைய பழைய பேக்கேஜ் பெயர்) போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் முன்பு ஜேடிகே-யோடு சேர்ந்தே வந்தது, 2018-இல் வந்த ஜாவா 11-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் அந்த ஏபிஐ ஜாரை நீங்களே டிபென்டன்சியாகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம், கெட்அனோட்டேஷன்ஸ் பிரின்ட் செய்தால் பெயர் தெரிகிறது, ஆனால் அது இருக்கிறதா என்று கேட்கும் இஸ்அனோட்டேஷன்பிரசன்ட் இல்லை என்கிறது என்றால், ஒரே கிளாஸ் இரண்டு கிளாஸ்லோடர் (கிளாஸ்களை மெமரியில் ஏற்றும் பகுதி) வழியாக ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் லோடரை பிரின்ட் செய்தால் தெரிந்துவிடும்.