மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்? கர்ப்பகாலத் தூக்கமின்மையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு ஏழு மாதம் நிறைந்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். தலைச்சன். கண்ணுக்குக் கீழே கருவளையம். "ராத்திரி தூக்கமே இல்லை சிஸ்டர், கால் குடைகிறது" என்றாள். புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் செவிலியர், "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். "ஒரு நாள்கூட விட்டதில்லை." அட்டையில் டிக் விழுந்தது. "மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும்மா" என்று சொல்லி அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டபோது, இருவரையும் நிறுத்தினேன். அந்தப் பெண் சொன்ன அதே பதிலைப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன்.

காபியைக் குறையுங்கள், படுக்கையில் போனைப் பார்க்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை.

சத்து மாத்திரையை இரவுப் பாலோடு விழுங்குவது

என் முதல் பிரசவத்தின்போது நான் செவிலியராகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த வாரம் கால் குடைச்சல் தொடங்கியது. படுத்த அரை மணி நேரத்தில், முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். வலி என்று சொல்ல முடியாது. ஆனால் காலை நீட்டி மடக்காமல் ஒரு நிமிடம்கூடக் கிடக்க முடியாது. எழுந்து கூடத்தில் நடந்தால் அடங்கும், வந்து படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். கெண்டைக்கால் சதை பிடித்து இழுப்பது வேறு, இது வேறு. அம்மா தைலம் தேய்த்துவிட்டார், வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பிறகு, தூக்கம் வரட்டும் என்று தினமும் ஒரு டம்ளர் சூடான பால், இரண்டு இழை குங்குமப்பூவோடு. அந்தப் பாலில்தான் சத்து மாத்திரையை விழுங்கினேன். மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று கால்சியம் மாத்திரையையும் கூடவே.

எட்டாம் மாதம் இரத்தம் (ஹீமோகுளோபின் அளவு) 9 பாயிண்டுக்கு இறங்கியிருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. மூத்த செவிலியர் ஒருவர் என் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "எதோடு விழுங்குகிறாய்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. படித்துத் தேர்வெழுதிய பாடம்தான்.

பாலிலும் கால்சியம் மாத்திரையிலும் உள்ள கால்சியம், இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. டீ, காபியில் உள்ள துவர்ப்பும் அதையேதான் செய்கிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு என்று 180 நாளைக்குக் கொடுக்கிறோம். இப்படி விழுங்கினால் அதில் உடம்பில் சேர வேண்டியதில் ஒரு பங்கு வீணாகக் கழிந்துவிடுகிறது. வயிற்றில் குழந்தை வேகமாக வளரும் கடைசி மாதங்களில் இரும்பின் தேவையும் கூடுகிறது. உடம்பில் இரும்பின் இருப்பு குறைவது இந்தக் கால் குடைச்சலுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இரத்தம் 11 பாயிண்ட் இருந்தாலும் இருப்பு வற்றியிருக்கலாம். அதைப் பார்க்க ஃபெரிட்டின் என்று தனிப் பரிசோதனை உண்டு. குடைச்சல் விடவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் நேரத்தை மாற்றினேன். சத்து மாத்திரை காலை பதினொரு மணிக்கு, எலுமிச்சைச் சாற்றோடு. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் பால், டீ, கால்சியம் எதுவும் கிடையாது. கால்சியத்தை இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டேன். பாலை நிறுத்தவில்லை. ஒரே வாரத்தில் சரியாகிவிடவில்லை. நான்காவது வாரம் ஒரு விடியற்காலை விழித்தபோதுதான், இரவு ஒரு தடவைகூட எழுந்து நடக்கவில்லை என்பது உறைத்தது.

இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, அவளும் ஒழுங்காக விழுங்குகிறாள், நாமும் டிக் அடிக்கிறோம், இரத்தம் மட்டும் ஏறுவதில்லை. பிரசவத்தில் உதிரப்போக்கு அதிகமானால், 9 பாயிண்டோடு வந்தவள் தாங்குவது கடினம். அரை நிமிடக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு, அன்றைக்கு ஊசிக்கும் இரத்தத்துக்கும் ஓடுகிறோம். மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. கறுப்பாகப் போவது இயல்பு. மலச்சிக்கலுக்கு வழி இருக்கிறது, வந்து சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை வந்த பெண்ணிடம் நானும் அதைத்தான் கேட்டேன். "பாலோடுதான் சிஸ்டர், அத்தை ஆற்றிக் கொடுப்பார்" என்றாள். அந்த அத்தை வெளியே பெஞ்சில்தான் இருந்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினேன். வீட்டில் பாலை ஆற்றுகிறவருக்குத் தெரியாமல் இது மாறாது.

புரண்டு படுக்க எழுந்து உட்காருவது

"அப்படியே புரளாதே, கொடி சுற்றிக்கொள்ளும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரவில் பத்து முறை எழுந்து உட்கார்ந்து மறுபக்கம் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? கொடி சுற்றுவது குழந்தை உள்ளே நகர்வதால். நீங்கள் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியே புரளுங்கள்.

28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுங்கள். இடப்பக்கம் வசதியாக இல்லையென்றால் வலப்பக்கமும் சரிதான். நடுவில் விழித்து மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். பழைய நூல் சேலையை மடித்து வயிற்றின் அடியில் ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வைத்துக்கொண்டால் இடுப்பு வலி குறையும்.

சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது

பகலில் நிறையக் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை.

வீட்டில் கிடக்கும் அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவது

கேட்காமல் போடாதீர்கள். கால் குடைச்சலை அது கூட்டவும் கூடும்.

அரிப்பைச் சூடு என்று விடுவது

தடிப்பு எதுவும் இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரிக்கிறதா? கல்லீரலில் பித்தம் தேங்குவதால் இருக்கலாம், குழந்தைக்கு ஆபத்தாகலாம். அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள். விடிந்ததும் வந்துவிடுங்கள்.