கல்லூரி ஸ்காலர்ஷிப் இப்போது பிள்ளையின் கணக்குக்கே வருகிறது: பெற்றோர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

மூத்தவன் பி.எஸ்சி. படித்தபோது ஸ்காலர்ஷிப்புக்காக நான் செய்த வேலை ஒரு கையெழுத்து மட்டும்தான். கல்லூரியில் படிவம் கொடுத்தார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று நகல்களைப் பின் போட்டுக் கொடுத்தேன். கல்விக் கட்டணம் அரசுத் துறையிலிருந்து கல்லூரிக்குப் போய்விட்டது. சின்னவள் 2023-ல் இன்ஜினியரிங் சேர்ந்தபோதும் அதே நினைப்பில் அலுவலக ஜன்னலில் போய் நின்றேன். "இப்பல்லாம் பணம் பாப்பா அக்கவுண்ட்டுக்குத்தான் சார் வரும். நீங்க ஃபீஸைக் கட்டிடுங்க, வந்ததும் எடுத்துக்குங்க" என்றார் அங்கே இருந்த அம்மா. கட்டுவதற்குக் கையில் இருந்தால் நான் ஏன் ஸ்காலர்ஷிப் கேட்கிறேன்?

நடந்தது இதுதான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஆதிதிராவிடருக்கான விதிகளை 2021-ல் மாற்றினார்கள். செலவில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் ஆதார் சார்ந்த வங்கிக் கணக்குக்கு நேரே போகும். கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது. ஆகவே விண்ணப்பத்தைவிட வங்கிக் கணக்குதான் இப்போது முக்கியம். நான் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டேன், அதனால்தான் இந்த விளக்கம்.

படி 1: எது கிடைக்கும் என்று சேரும் முன்பே பாருங்கள்

போஸ்ட் மெட்ரிக்குக்கு அப்பா, அம்மா வருமானம் சேர்த்து ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இன்னொரு கண்டிஷனைப் பலர் கவனிப்பதில்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. 2018-லிருந்து அப்படித்தான். "இங்கேயே சேருங்க, ஸ்காலர்ஷிப்பெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால், சீட் கவுன்சலிங் வழியா, மேனேஜ்மென்ட்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

வருமானம் கூடுதலா? குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. அதற்குச் சாதியும் வருமானமும் தடையில்லை. ஆனால் தொழிற்படிப்பில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பி, தங்கைக்கு இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதை வாங்கலாம், விட்டுவிடாதீர்கள். இன்ஜினியரிங் சேர்ந்த பெண்ணுக்கு தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 தருகிறது. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதையும் போஸ்ட் மெட்ரிக்கையும் சேர்த்து வாங்க முடியாது. எது பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: சான்றிதழ்கள்

இ-சேவை மையத்தில் சாதிச் சான்று ஆர்.இ.வி.-101, வருமானச் சான்று 103, முதல் பட்டதாரி 104. எண்ணைச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) பார்த்து முடிய நாளாகும். மே மாதமே போட்டுவிடுங்கள், ஜூனில் ஊரே வரிசையில் நிற்கும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் அப்பா பெயரே முழுசாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து ஆதாரை முதலில் திருத்துங்கள், பிறகு பாஸ்புக். கையோடு ஆதாரில் இருக்கும் செல் எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

படி 3: வங்கிக் கணக்கு

பள்ளியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு பல வீடுகளில் இருக்கும். அதையே கொடுத்தால் போதும் என்று நினைப்போம். இரண்டு சிக்கல். இரண்டு வருடம் போடாமல் எடுக்காமல் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். பிள்ளைக்கு 18 ஆனதும் அதன் பெயரில் புதிதாகக் கே.ஒய்.சி. (அடையாளச் சான்று விவரம்), கையெழுத்து எல்லாம் கொடுக்க வேண்டும். பிள்ளையை நேரில் கூட்டிக்கொண்டு போய், ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்து, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்ததில்தான் எனக்கு மூன்று வாரம் போனது. கணக்கில் ஆதாரை இணைப்பது வேறு, சீடிங் செய்வது வேறு. கவுண்ட்டரில் "ஆதார் லிங்க் ஆயிடுச்சா?" என்று கேட்டால் "ஆயிடுச்சு" என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்று, வங்கிகளுக்கு இடையே பணம் போக வழிசெய்யும் என்.பி.சி.ஐ. நிறுவனத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்து வருகிறது. அந்தப் பட்டியலில் பதிவதுதான் சீடிங். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எதில் சீடிங் ஆனதோ அதற்குப் போகும்.

தளத்தில் பணம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டியது. பாஸ்புக்கை என்ட்ரி போட்டால் பழைய நூறு ரூபாய் அப்படியே இருந்தது. மேலாளரைப் பார்த்தேன், கல்லூரிக்குப் போனேன், மாவட்ட நல அலுவலகத்துக்கும் போனேன். கடைசியில் மகள்தான் யோசித்துச் சொன்னாள், "அப்பா, சிம் வாங்கினப்ப அந்தக் கடைக்காரர் விரலை ரெண்டு தடவை வைக்கச் சொன்னாரே?" அந்த இரண்டாவது விரல் ஒரு பேமென்ட்ஸ் பேங்க் (செல்போன் நிறுவனம் போன்றவை நடத்தும் சிறு வங்கி) கணக்குக்கு. அவள் பெயரில், அவளுக்கே தெரியாமல். பணம் பத்திரமாக அங்கே உட்கார்ந்திருந்தது.

பார்ப்பது எளிது. மை ஆதார் தளத்தில் பிள்ளையின் ஆதார் எண், ஓ.டி.பி. கொடுத்து உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்றும் காட்டும். வேறு வங்கியைக் காட்டினால், உங்களுக்கு வேண்டிய கிளையில் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்" என்று அந்தச் சொல்லையே சொல்லிப் படிவம் கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரே கணக்குக்கு வருவது. சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

படி 4: விண்ணப்பம்

இதெல்லாம் முடிந்தால் விண்ணப்பம் அரை மணி நேர வேலை. கல்லூரியில் பிள்ளைக்கு யு.எம்.ஐ.எஸ். எண் (அரசின் கல்லூரி மாணவர் பதிவு எண்) தருவார்கள். அதை வைத்துத் தமிழ்நாடு அரசின் ஸ்காலர்ஷிப் தளத்தில் நுழைந்து, ஆதார் இ-கே.ஒய்.சி. முடித்து, சான்றிதழ் எண்களைப் போட வேண்டும். விடுதியா, வீட்டிலிருந்து வருகிறாரா என்ற கட்டத்தைச் சரியாக நிரப்புங்கள். இன்ஜினியரிங் படிக்கும் ஆதிதிராவிடர் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் போக ஆண்டுக்கு விடுதியில் 13,500, வீட்டிலிருந்து வந்தால் 7,000 என்று தொகை மாறும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், தானாக வராது.

பணம் இரண்டு தவணையாக வரும், மாநிலப் பங்கு தனி, ஒன்றியப் பங்கு தனி. முதலில் வந்ததைப் பார்த்து "பாதிகூட வரலையே" என்று பதற வேண்டாம்.

படி 5: வருவதற்குள் கல்லூரியில் பேசுவது

ஜன்னலில் பேசாதீர்கள், முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். விண்ணப்ப எண், சான்றிதழ் நகல், உதவித்தொகை வந்தவுடன் கட்டுகிறேன் என்று ஒரு வரி. நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். எனக்கு முதல் செமஸ்டருக்குப் பாதிதான் கட்டச் சொன்னார்கள்.

படி 6: துண்டு விழுந்தால் கல்விக்கடன்

மீட்டர் வட்டிக்குப் போகும் முன் வங்கியைக் கேளுங்கள். 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் கிடையாது. கல்விக்கடனுக்கான ஒன்றிய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றபோது அதில் 860 கல்வி நிறுவனங்கள் இருந்தன. உங்கள் கல்லூரி அதில் இருந்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ கிடைக்கவில்லை என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். மாதாமாதம் அந்த வட்டியை மட்டும் கட்டிவந்தால் பல வங்கிகள் ஒரு சதவீதம் குறைக்கின்றன. புதுமைப் பெண் ஆயிரத்தை என் மகள் அதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறாள். பத்தாத மாதம் மட்டும் என்னிடம் கை நீட்டுவாள்.