முதல் தொகுப்புக்கு முன்: இளம் கதாசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி ஒன்பது கதைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு நன்றாகவே இருந்தன. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "அண்ணே, அடுத்த மாசம் வேலைய விடப்போறேன், முழு நேரமா எழுதலாம்னு இருக்கேன்" என்றான். கதைகளை ஓரமாக வைத்துவிட்டு இரவு பத்தரை வரை அவனோடு கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தர இன்றைக்கு ஆள் நிறைய. பட்டறைகள் நடக்கின்றன, காணொளிகள் கிடைக்கின்றன. கதை எழுதுகிறவர் தன் நாளை எப்படி ஓட்டுவது என்பதை மட்டும் யாரும் பேசக் காணோம். மேசையில் உட்கார்ந்து செய்த பிழையை அடுத்த வரைவில் திருத்திக்கொள்ளலாம். எழுந்துபோய்ச் செய்கிற பிழைகள்தான் ஆளையே கவிழ்த்துவிடுகின்றன. கீழே வருவதில் முக்கால்வாசி நான் செய்து பட்டவை.

வேலையை விடுவது

தம்பியிடம் போட்ட கணக்கு இதுதான். புத்தக விலை 200 ரூபாய். ராயல்டி 10 சதவீதம் என்று வைத்தால் பிரதிக்கு 20 ரூபாய். ஐந்நூறு பிரதி விற்றால் 10,000. முதல் தொகுப்பு ஐந்நூறு விற்க எத்தனை வருஷம் ஆகும் என்பது பதிப்பாளருக்கே தெரியாது. அவன் அறை வாடகை மாதம் ஆறாயிரம். மூன்று வருஷம் எழுதிய புத்தகம் ஒன்றரை மாத வாடகைக்குச் சற்றுக் கூட வருகிறது.

சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை பார்த்தவர். வங்கி, பள்ளிக்கூடம், அஞ்சல் அலுவலகம், வானொலி என்று தமிழில் கதை எழுதிய பலரும் எங்கேயோ கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவர்கள்தான். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் போனபோது அவருக்கு வயது 42. அவர் பட்ட வறுமைதான் அவரை எழுத வைத்தது என்று மேடையில் உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வறுமை தின்றது போக மிச்சம்தான் நமக்குக் கிடைத்தது.

அதற்காக எந்த வேலையும் சரி என்றும் சொல்லமாட்டேன். எழுத்துதான் வரும் என்று விளம்பர வாசகம், காணொளி வசனம் எழுதும் வேலைக்குப் போகிறார்கள். பகலெல்லாம் சோப்புக்கும் பற்பசைக்கும் வாக்கியம் செதுக்கிய கை, ராத்திரி தனக்காக எழுத மறுக்கிறது. நானும் இரண்டு வருஷம் அதில் இருந்தேன், மூன்று கதை எழுதினேன், மூன்றும் விளம்பரம் மாதிரியே முடிந்தன. பிறகு ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு மாறினேன். எண்களோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வார்த்தைகள் புதுசாக இருக்கின்றன.

முழு நாளுக்காகக் காத்திருப்பது

"ஒரு வாரம் லீவு போட்டுக் கொடைக்கானல் போனா நாவலை முடிச்சிடுவேன்" என்று சொல்லாத எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. போனவர்கள் நல்லாத் தூங்கினார்கள், அவ்வளவுதான். கதையைத் தினமும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மனசுக்குள் சூடு ஆறாமல் இருக்கும். என் தோழி ஒருத்தி, பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் ஏறியதிலிருந்து தான் ஆபீஸ் பஸ் பிடிக்கும்வரை உள்ள முப்பத்தைந்து நிமிஷத்தில் எழுதுகிறாள். இதுவரை இரண்டு தொகுப்பு வந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் புதிதாக ஒரு வரியும் வராத நாளில் முந்தின நாள் எழுதியதைக் கையால் பிரதி எடுப்பாளாம்.

தினசரி இலக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. நாளைக்கு ஆயிரம் வார்த்தை, இரண்டாயிரம் வார்த்தை என்று இணையத்தில் உலவும் அளவுகள் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டவை. நம் மொழியில் "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது ஒரே வார்த்தை. அதையே ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து வார்த்தை பிடிக்கும். ஆயிரம் தமிழ் வார்த்தை என்பது ஒரு நாளுக்குக் கனமான சுமை. அதை எட்ட முடியாமல் பத்தாம் நாள் நோட்டை மூடியவர்கள் உண்டு. முந்நூறு வந்தால் நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுவது

எனக்கு ஒரு கதை இருந்தது. எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் ஒரு பெண், தன் மகளுடைய கட்டையையும் (குச்சி அடுக்கும் சட்டம்) சேர்த்து அடுக்கிக் கூலி வாங்குகிறாள். மகள் ஓடிப்போய் ஒரு வாரமாகிவிட்டது என்பதைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமல் மறைக்கத்தான் அப்படிச் செய்கிறாள். இதை டீக்கடையில் நண்பர்களுக்குச் சொன்னேன். எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்கள், ஒருவன் கண்ணைத் துடைத்தான். இன்னொரு ஜமாவுக்கும் சொன்னேன். கோவைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கூடி வந்தது. எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. அதற்குரிய பாராட்டை வாங்கிச் செலவழித்தாயிற்று, பிறகு எதற்காக எழுதுவது? பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் அப்படியே கிடக்கிறது.

முகநூலில் "எழுதிக்கொண்டிருக்கும் நாவலிலிருந்து" என்று ஒரு பத்தியைப் போடுவதும் இதே வகைதான். இருநூறு விருப்பக்குறி விழுந்த பத்தியைத் திருத்தக் கை வராது. அந்தப் பத்தி நாவலுக்குத் தேவையே இல்லை என்று தெரிந்த பிறகும் வெட்ட மனசு வராது. தவிர, பல இதழ்கள் முகநூலில் வந்ததையும் பிரசுரமானதாகவே கணக்கில் வைக்கும்.

வீட்டாரைக் கதையில் கொண்டுவருவது

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். என் சித்தியைப் பற்றி எழுதியபோது பெயரை, ஊரை, சித்தப்பாவின் தொழிலைக்கூட மாற்றினேன். அவர் மூக்குத்தியை அடகு வைத்து மீட்ட கதையை மட்டும் மாற்றவில்லை. அந்த ஒரு விவரம் போதுமாக இருந்தது. கதையை அவர் படிக்கவில்லை, படித்த யாரோ கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். "நீ எழுதுனது தப்பில்ல, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார். நாலு வருஷம் சரியாகப் பேசவில்லை. எழுதவே கூடாது என்பதில்லை. எந்த விவரத்தால் ஊர் அடையாளம் கண்டுகொள்ளும் என்று யோசித்து, அந்த இடத்தில் கற்பனையைப் போட வேண்டும். பெரும்பாலும் கதையும் அதனால் தேறும்.

பக்கத்து ஊர்ப் பேச்சைக் கடன் வாங்குவது

வட்டார வழக்கில் எழுதினால் மதிப்பு என்று ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்தவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "லே" போட்டுத் திருநெல்வேலி ஆக்குகிறார். "ங்" நாலு தூவினால் கொங்கு வந்துவிடுவதாக நம்புகிறார்கள். பேச்சின் ஓசையைக்கூட ஓரளவு பிடித்துவிடலாம், உறவுமுறையில்தான் மாட்டிக்கொள்வார்கள். நெல்லைப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டில் ஆச்சி என்பது அக்கா. கொங்கில் அம்மாவின் அப்பா அப்புச்சி. யார் யாரை வாங்க போங்க என்பார்கள், யாரை வா போ என்பார்கள் என்பது அதைவிடச் சிக்கலானது. அண்ணனுக்குத் தம்பி மனைவியிடம் நேராகப் பேசும் பழக்கமே இல்லாத வீடுகள் இருந்தன. அங்கே போய் இருவருக்கும் நீண்ட உரையாடல் எழுதினால், அந்த ஊர்க்காரர் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். உங்களுக்குத் தெரிந்த தெருவின் பேச்சு ஏற்கெனவே ஒரு வட்டார வழக்குதான், அது அண்ணா நகரானாலும்.

குரல் தட்டச்சில் வட்டார வசனம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் மறுபடி படியுங்கள். வந்தார்கள் என்பதற்கு "வந்தாவ" என்று நீங்கள் சொன்னதை "வந்தாள்" என்று அது திருத்தி வைத்திருக்கும்.

கோப்பும் அனுப்புதலும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போனில் மட்டும் கதையை வைத்திருக்காதீர்கள், போன் கிணற்றில் விழும். கோப்புக்கு "புதிய கோப்பு 7" என்று பெயர் வைத்து அனுப்பாதீர்கள். உங்கள் பெயரும் கதைத் தலைப்பும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும், உள்ளே முதல் பக்கத்திலும் இருக்கட்டும். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இதழுக்கு அனுப்பி, இரண்டில் வந்துவிட்டால், அந்த இரண்டு ஆசிரியர்களும் உங்களை மறக்கமாட்டார்கள். நினைவூட்டல் மடல் ஒன்று போடலாம். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸாப்பில் "சார், படிச்சீங்களா?" என்று கேட்கக்கூடாது.

வாய்ப்பேச்சில் உரிமையைக் கொடுப்பது

தமிழ்ப் பதிப்பில் நல்ல மனிதர்கள் நிறைய. அதனாலேயே ஒப்பந்தம் கேட்பது அவமரியாதை மாதிரி ஆகிவிட்டது. என் முதல் புத்தகத்துக்குத் தாளே கிடையாது. எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதிய உடனே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 வருஷமும் அது நிற்கும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றித்தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும். ஆகவே "சகல உரிமைகளும், எக்காலத்துக்கும்" என்ற வரி கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். அச்சுப்புத்தகம், மின்புத்தகம், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். தொகுப்புப் போடுகிறவருக்கு அச்சுரிமை போதும்.

சினிமாக்காரர்களிடம் கதை சொல்லப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அது எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து வாயால் சொன்ன கரு காற்றோடு போனது. எழுதி, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பிறகு போய்ப் பேசுங்கள்.

பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்பவர்களும் உண்டு. அது அச்சகச் சேவை என்று தெரிந்து செய்தால் தவறில்லை. பதிப்பாளர் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நம்பிக் கட்டினால்தான் கஷ்டம்.

வயதுக்கும் ஜனவரிக்கும் பயந்து ஓடுவது

சாகித்ய அகாதெமி 2011இலிருந்து இளம் எழுத்தாளர்களுக்கு யுவ புரஸ்கார் விருது கொடுக்கிறது. வயது வரம்பு 35, பரிசுத் தொகை 50,000 ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் முப்பத்து நாலாவது வயதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு காய்ச்சல் வருகிறது. ஏழு கதைதான் தேறும், இன்னும் ஐந்தை அவசரமாக எழுதித் தொகுப்பாக்கிவிடுகிறார்கள். அந்த ஐந்தும், தேறிய ஏழு கதைகளையும் சேர்த்து மூழ்கடிக்கின்றன. கி. ராஜநாராயணன் முப்பதைத் தாண்டிய பிறகே எழுத வந்தார், தொண்ணூறைத் தாண்டியும் எழுதினார்.

இதோடு சேர்ந்துகொள்வது சென்னைப் புத்தகக் காட்சி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பொங்கலையொட்டிக் கடைகள் திறப்பதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று டிசம்பரில் அச்சகங்கள் விடியவிடிய ஓடும். வெட்டுப்படுவது மெய்ப்புப் பார்க்கும் நாட்கள்தான். வடிவமைத்த பிறகு வரும் கடைசி பிடிஎஃப்பைக் கட்டாயம் நீங்களே படிக்க வேண்டும். நீங்கள் யூனிகோடில் அடித்ததைச் சில இடங்களில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அப்போது ஸ்ரீயும் க்ஷவும் உடையும், ஔகாரக் குறி ளகரமாகி நிற்கும். திரையில் படித்தால் கண் தாண்டிப்போகும். அச்செடுத்து, அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். பாத்திரங்களின் பெயர்களையும் வயதுகளையும் ஒரு தாளில் தனியாகக் குறித்துக்கொண்டு சரிபாருங்கள்.

நான் அதைச் செய்யவில்லை. என் முதல் தொகுப்பின் நீளமான கதையில் முத்தம்மாள் என்று வருகிற மனைவி, எட்டுப் பக்கம் தள்ளி முத்துலட்சுமி ஆகிவிட்டாள். இரண்டாம் வரைவில் பெயரை மாற்றியபோது விட்டுப்போனது. புத்தகக் காட்சியில் ஒரு பெரியவர் வாங்கிப்போய், மறுநாள் தேடிக்கொண்டு கடைக்கே வந்தார். "தம்பி, அந்தக் கதை ராத்திரி பூரா தூங்கவிடல. அவனுக்கு ரெண்டு சம்சாரம்ங்கறத எங்கயும் வெளிப்படையா சொல்லாம எவ்வளவு நுணுக்கமா வச்சிருக்கீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.